ஸ்லாட் போகல: 2012 லேப்டாப்புக்கு ரேம் ஏத்தி புது ஓஎஸ் போட்ட கதை

2025 ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை, மதியம் சாப்ட்டு கண்ணு சொக்குற நேரம், பக்கத்து தெரு அக்கா ஒரு கட்டைப்பையோட வாசல்ல வந்து நின்னாங்க. பைக்குள்ள ஒரு லேப்டாப், வயர்ல டேப் சுத்தின சார்ஜர், ஒரு கடை பில். "தம்பி, ரேம் போட்டா பறக்கும்னு சொன்னாங்க, 1,200 ரூபா குடுத்து 4 ஜிபி போட்டேன், அப்பவும் அதே 2 ஜிபி தான் காட்டுது, கடைக்காரரு ரேம் சொருகுற ஸ்லாட் போயிருச்சுங்குறாரு, போர்ட கழட்டி வேலை பாக்க 3,500 ஆகுமாம், குடுக்கலாமா வேணாமா நீ ஒரு தடவ பாத்து சொல்லேன்"னாங்க. சரி வச்சுட்டு போங்கக்கா சாயந்திரம் பாக்குறேன்னேன். அந்த சாயந்திரம் முடிய ரெண்டு வாரம் ஆச்சு. என்னென்ன பார்த்தேன், எங்க தப்பு பண்ணேன்னு மொத்தமா எழுதி வைக்கிறேன், ஏன்னா இதே மாதிரி மெஷின் நம்ம ஊர்ல பீரோவுக்கு மேல தூசி தின்னுட்டு எத்தன கிடக்குதோ.

மெஷின் என்னன்னா அரசு குடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஜெயலலிதா ஆரம்பிச்சு வச்ச திட்டம், தமிழ்நாடு அரசோட எல்காட் நிறுவனம் மூலமா வாங்கி குடுத்தாங்க, அக்கா 2012-ல பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினது. பென்டியம் பி950 ப்ராசசர், ரெண்டு கோர், 2.1 கிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ள விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் பண்ண பாஸ் லினக்ஸும் ரெண்டும் சேர்ந்து வரும், ஆன் பண்ணா எதுல போகணும்னு கேக்கும், எல்லாரும் கண்ண மூடிட்டு விண்டோஸ்ல போவோம். காலேஜ் ப்ராஜெக்ட் இதுல, கல்யாண ஆல்பம் இதுல, இப்ப பொண்ணு ரைம்ஸ் பாக்குறதும் இதுல. பதிமூணு வருஷம் உழைச்ச மெஷின், அத குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இப்ப திடீர்னு ஏன் ரேம்னு கேட்டேன். அக்கா டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கு படிக்குறாங்க, போன்ல பிடிஎஃப் பாத்து பாத்து தலைவலி வந்துருச்சு, லேப்டாப்ப எடுத்தா ஆன் ஆகி கைக்கு வர நாலரை நிமிஷம், குரோம் தொறந்தா இந்த வெர்ஷனுக்கு இனிமே அப்டேட் கிடையாதுன்னு மேல ஒரு பட்டை, மாக் டெஸ்ட் சைட் ஒண்ணு தொறக்கவே மாட்டேங்குது. அது நியாயம்தான், விண்டோஸ் 7-ல ஓடின கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரி சமாச்சாரம். விண்டோஸ் 7-க்கே 2020 ஜனவரி 14-ஓட மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டாச்சு. ஆக அக்காவுக்கு வேண்டியது புது ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி மெஷின ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்), புது பிரவுசர், அது ரெண்டும் ஓட ரேம். கடைல சொன்னது ரேம் மட்டும்.

முதல்ல நான் பார்த்தது டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் டேப்ல கீழ பிசிக்கல் மெமரி, டோட்டல் 1915 எம்பி. கடைக்காரரு இத பாத்துட்டு தான் ஸ்லாட் போச்சுன்னு சொல்லியிருக்கணும், இத மட்டும் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா கம்ப்யூட்டர் ஐகான்ல ரைட் கிளிக் அடிச்சு ப்ராப்பர்ட்டீஸ் போனா வேற மாதிரி ஒரு வரி. இன்ஸ்டால்டு மெமரி 6.00 ஜிபி, அதுக்கு பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள சின்னதா 1.87 ஜிபி யூசபிள். அதாவது மெஷினுக்கு 6 ஜிபி இருக்குன்னு தெரியுது, பழைய 2 புது 4 ரெண்டையும் எண்ணியாச்சு, ஆனா விண்டோஸ் அதுல ரெண்டுக்கும் கம்மியா தான் எடுத்துக்குது. ஸ்லாட் செத்திருந்தா 6-ங்கிற நம்பரே வந்திருக்காது. விண்டோஸுக்கு முன்னாடியே கிளம்புற, போர்டுலயே இருக்குற பயாஸ்ல போய் பார்த்தேன், அங்கயும் 6144 எம்பி. ரிசோர்ஸ் மானிட்டர் தொறந்து மெமரி டேப் போனா ஒரு நீளமான பட்டை வரும்ல, அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல சாம்பல் கலர், ஹார்ட்வேர் ரிசர்வ்டு, அதாவது விண்டோஸ் தொடாத பங்குன்னு எழுதி நாலாயிரத்து எரநூத்து சொச்சம் எம்பி. போட்ட 4 ஜிபி மொத்தமா அந்த சாம்பல்ல உக்காந்திருக்கு.

இங்க ஒரு சின்ன திருப்பம். ஹார்ட்வேர் ரிசர்வ்டு நிறைய காட்டினா விண்டோஸ் எப்படி கிளம்பணும்னு செட் பண்ற எம்எஸ்கான்ஃபிக்ல பூட் அட்வான்ஸ்டு போய் மேக்ஸிமம் மெமரில டிக் பண்ணுங்கன்னு ஏகப்பட்ட வீடியோ இருக்கு, அக்கா வீட்டுக்காரரு அதயும் பண்ணி வச்சிருந்தாரு. அந்த ஆப்ஷன் இருக்குறதே மெமரிய குறைச்சு வச்சு சோதனை பண்றதுக்கு, அத டிக் பண்ணி கூடுதலா ஒரு எம்பி கூட வாங்க முடியாது, ஏதாவது தப்பான நம்பர் விழுந்துச்சுன்னா இருக்குறதும் போகும். டிக்க எடுத்து விட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், எதிர்பார்த்த மாதிரியே அதே 1.87.

அப்புறம் தான் அந்த ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்துலயே மேல பாத்தேன், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். நெத்தில அடிச்சுக்கிட்டேன். இத முதல்ல பாத்திருந்தா மத்ததெல்லாம் பாக்கவே வேணாம்.

ஸ்டார்ட்டர்ங்கிறது விண்டோஸ் 7-லயே அடிமட்ட எடிஷன், அப்போ வந்த சின்ன நெட்புக்குக்காக பண்ணது, 32 பிட்ங்கிற பழைய வகைல மட்டும் தான் வந்துச்சு, அதுக்கு மைக்ரோசாஃப்ட் வச்ச உச்சவரம்பு 2 ஜிபி ரேம். நீ 6 போடு 8 போடு, அது 2-க்கு மேல தொடாது. மத்த எடிஷன் 32 பிட்னா 4 ஜிபி வரைக்கும், 64 பிட்ல ஹோம் பேசிக்னா 8, ஹோம் பிரீமியம்னா 16, புரொஃபஷனல்னா 192. எல்லாம் ஒரே விண்டோஸ் 7 தான், லைசென்ஸ்ல போட்ட வேலி தான் வித்தியாசம். அந்த 2-லயும் கொஞ்சம் ஏன் குறையுதுன்னா இந்த லேப்டாப்ல கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, இருக்குற ரேம்ல இருந்தே ஒரு பங்க எடுத்துக்கும். ஸ்டார்ட்டர்ல டெஸ்க்டாப் வால்பேப்பர கூட மாத்த முடியாது. அக்காகிட்ட சொன்னேன், "ஓ அதான் மாத்தவே முடியலயா, நான் எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்"னாங்க. பதிமூணு வருஷம்.

தெரிஞ்சாலும் நிரூபிக்கணும்ல, ஏன்னா 3,500 ரூபா பேச்சு இருக்கு. என்கிட்ட லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போட்ட பென் டிரைவ் ஒண்ணு எப்பவும் இருக்கும். அத சொருகி, டிஸ்க்குல எதையும் தொடாம லைவா பூட் பண்ணி, டெர்மினல்ல மெமரி எவ்வளவுன்னு கேட்டேன். 5.7 ஜிபி. அதே மெஷின், அதே ஸ்லாட், அதே ரேம் ஸ்டிக், ஓஎஸ் மட்டும் வேற. அக்காவ கூப்ட்டு காட்டினேன், இதுக்கு மேல விளக்கமே தேவைப்படல. இந்த ஒரு வேலைய கடைல பத்து நிமிஷத்துல பண்ணியிருக்கலாம்ங்கிறது என் அபிப்ராயம், ஆனா அவங்க கைல ஒரு நாளைக்கு எத்தன மெஷின் வருதோ, ஏமாத்துற ஆளா எனக்கு தோணல. அவரு போட்டு குடுத்த ஸ்டிக் சரியான ஸ்டிக் தான்.

அந்த ஸ்டிக்க பத்தி கொஞ்சம் சொல்லணும். அடியில ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா ஒரு சின்ன கதவு, உள்ள ரெண்டு ஸ்லாட் ஒண்ணுக்கு மேல ஒண்ணு. பழைய ஸ்டிக்ல லேபிள் பிசி3-10600எஸ், புதுசுல பிசி3எல்-12800எஸ். 10600-ன்னா 1333 வேகம், 12800-ன்னா 1600. இந்த ப்ராசசர் 1333-க்கு மேல போகாது, அதனால புதுசும் 1333-லயே ஓடும், கெட்டு ஒண்ணும் போகாது. அந்த எல்-ங்கிற எழுத்து தான் நிறைய பேர பயமுறுத்துது, அது லோ வோல்டேஜ், 1.35 வோல்ட். பழைய போர்டு 1.5 வோல்ட் குடுக்குமே எரிஞ்சிராதான்னு கேப்பாங்க, எரியாது, எல் போட்ட ஸ்டிக் ரெண்டு வோல்டேஜ்லயும் ஓடுற மாதிரி தான் பண்ணியிருக்காங்க. சிக்கல் தலைகீழா வர்றப்ப தான், 2013-ல இருந்து வந்த ஹாஸ்வெல்ங்கிற இன்டெல் ப்ராசசர் லேப்டாப்ல எல் போட்டது மட்டும் தான் எடுக்கும், அங்க பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்க கொண்டு போய் சொருகினா கிளம்பாது. இன்னொண்ணு, டிடிஆர்3 லேப்டாப் ஸ்டிக்குக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, நடுவுல இருக்குற வெட்டும் வேற இடத்துல இருக்கும், மாத்தி சொருகவே முடியாது. டெஸ்க்டாப்காரங்க தான் ஜாக்கிரதையா இருக்கணும், ஆன்லைன்ல ரொம்ப சல்லிசா வர்ற டிடிஆர்3 ஸ்டிக் சிலது ஏஎம்டி போர்டுல மட்டும் தான் ஓடும், சின்ன எழுத்துல எங்கயோ போட்டிருப்பான்.

இன்னும் மேல 8 ஜிபி, 16 ஜிபி போகலாமான்னும் பார்த்து வச்சேன். இன்டெல் கணக்குப்படி இந்த ப்ராசசர் 16 ஜிபி வரைக்கும் தாங்கும். விண்டோஸ்ல கமாண்ட் அடிச்சு கேட்டா கிலோபைட்ல ஒரு நீட்டு நம்பர் குடுக்கும், 16777216-னு வந்தா 16 ஜிபி, 8388608-னு வந்தா 8. ஆனா அந்த நம்பர் பயாஸ் எழுதினவன் போட்டு வச்சது, சில மெஷின்ல வாய்க்கு வந்தத போட்டு வச்சிருப்பான், அத மட்டும் நம்பி காசு போடாதீங்க. எங்களுக்கு அந்த பேச்சே எழல, 6 ஏற்கனவே இருக்கு. 2-ம் 4-ம் ஜோடி சேராம கலந்து போட்டா பிரச்சனையான்னு கேட்டா, இல்ல, ரெண்டுலயும் சமமா இருக்குற அளவுக்கு டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்துல ஓட்டிட்டு மீதிய சிங்கிள்ல ஓட்டிக்கும். ரெண்டும் ஒரே அளவா இருந்தா கிராஃபிக்ஸுக்கு கொஞ்சம் நல்லது, இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது.

ராத்திரி ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட விட்டு படுத்துட்டேன். காலைல எழுந்து பார்த்தா ரெண்டு சுத்து முடிஞ்சு எரர் சைபர். ரேம் மாத்தின எந்த மெஷினுக்கும் இத பண்ணாம நான் ஓஎஸ் போட மாட்டேன், ஒருதடவ பண்ணாம விட்டு பட்டிருக்கேன், இன்ஸ்டால் பாதில நிக்கும், நாம பென் டிரைவ திட்டிட்டு இருப்போம்.

இப்ப எந்த ஓஎஸ். அக்காவோட ஆசை விண்டோஸ் 10, "எல்லாரும் வச்சிருக்காங்களே". ஆனா அப்ப ஆகஸ்ட் கடைசி, அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கே சப்போர்ட் முடியுறதா இருந்துச்சு. பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க வழி இருந்துச்சு, ஆனா அது ஏற்கனவே 10 வச்சிருக்குறவங்களுக்கு சரி, ஒண்ணரை மாசம் இருக்குறப்ப புதுசா போய் ஏறுறது எதுக்கு. விண்டோஸ் 7 கீய போட்டே 10-அ ஆக்டிவேட் பண்ற வழி ஒண்ணு ரொம்ப நாள் தொறந்து கிடந்துச்சு, அதயும் 2023-ல மூடிட்டாங்க, காசு குடுத்து லைசென்ஸ் வாங்கணும். சல்லிசா கீ விக்கிறவன்கிட்ட நான் போக மாட்டேன். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும்னு போட்டிருக்கும், அத பாத்து ஏமாறாதீங்க, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறை வேணும், இது இரண்டாம் தலைமுறை. சுத்தி வளைச்சு போட வழி இருக்கு, ஆனா நாளைக்கு ஒரு அப்டேட்ல மக்கர் பண்ணா அக்கா ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டு கதவ தான் தட்டுவாங்க.

ஆக லினக்ஸ் மின்ட் 22, அதுலயும் லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். குறைஞ்சது 2 ஜிபி, நிம்மதியா ஓட 4-ன்னு மின்ட்காரங்களே சொல்றாங்க, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 64 பிட்ல மட்டும் தான் வரும், விண்டோஸ் 32 பிட்டா இருந்ததால ப்ராசசரும் 32-ன்னு சிலர் நெனச்சுக்குவாங்க, இந்த பென்டியம் பொறந்ததுல இருந்தே 64 பிட், ஸ்டார்ட்டர் தான் அத பாதி தூக்கத்துல வச்சிருந்துச்சு. அக்காகிட்ட பென் டிரைவ்லயே ஒரு மணி நேரம் ஓட்டி பாக்க விட்டேன். கீழ மெனு இருக்கு, பிரவுசர் இருக்கு, பிடிஎஃப் தொறக்குது, "விண்டோஸ் மாதிரி தான இருக்கு"ன்னாங்க. அந்த ஒரு வார்த்த போதும்.

பேக்கப் எடுக்க உக்காந்தப்ப தான் அடுத்த பூதம் கிளம்புச்சு. கல்யாண ஃபோட்டோ ஃபோல்டர் காப்பி ஆகும்போது ஒரே இடத்துல நின்னு நின்னு போகுது, காது வச்சு கேட்டா டிக் டிக். டிஸ்க் தன் உடம்பு நிலைய எழுதி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்து பார்த்தா, படிக்க முடியாம நிக்கிற பெண்டிங் செக்டார் 8, கெட்டுப்போய் மாத்தி வச்ச ரீஅலோகேட்டட் 40-க்கு மேல. டிஸ்க் வயசாகி படுக்க பாக்குது. மூணு ஃபோட்டோ தவிர எல்லாம் வந்துருச்சு, அந்த மூணும் நல்லவேளையா யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருந்தாங்க. காலேஜ் காலத்து வேர்ட் ஃபைல் நாலஞ்சு பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சது, யூனிகோட் கிடையாது, அந்த ஃபாண்ட் இல்லாம தொறந்தா ஆங்கில எழுத்தா கொட்டும், அதனால ஃபாண்ட் ஃபோல்டரையும் சேத்து காப்பி பண்ணி வச்சேன். இத மறந்துட்டு ஃபார்மட் அடிச்சவங்க எனக்கு தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க.

பழைய டிஸ்க்குக்கு பதிலா, சுத்துற தட்டே இல்லாத வேகமான எஸ்எஸ்டி, 256 ஜிபி ஒண்ணு ஆர்டர் போட்டோம், வர மூணு நாள். அந்த மூணு நாள் சும்மா இருக்க முடியாம, பேக்கப் தான் எடுத்தாச்சேன்னு அந்த பழைய டிஸ்க்லயே மின்ட்ட போட்டு, 4 ஜிபிய கழட்டியும் மாட்டியும் பார்த்தேன். எஸ்எஸ்டி வந்ததுக்கப்புறம் அதுலயும் அதே மாதிரி. ரேம் எதுக்கு உதவுது எதுக்கு உதவாதுன்னு இத்தன வருஷமா வாய்ல பேசிட்டு இருந்தேன், கைல கடிகாரம் வச்சு பார்த்தது இது தான் முதல் தடவ.

பவர் பட்டன அமுக்குனதுல இருந்து டெஸ்க்டாப் வந்து கிளிக் எடுக்குற வரைக்கும், பழைய டிஸ்க்ல 2 ஜிபி ரேமோட 1 நிமிஷம் 40 செகண்ட். 6 ஜிபி போட்டு பார்த்தா 1 நிமிஷம் 35. அவ்ளோதான். நாலு ஜிபி கூட்டி அஞ்சு செகண்ட். எஸ்எஸ்டில 2 ஜிபியோட 28, 6 ஜிபியோட 27. பூட் ஆகுற வேகத்துக்கும் ரேமுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிடலாம், பூட் ஆகும்போது 2 ஜிபியே நிறையறதில்ல, டிஸ்க்குல இருந்து தூக்கிட்டு வர்றதுக்கு தான் நேரம். ஆன் ஆக லேட் ஆகுதுன்னு ரேம் போடுறவங்க இத கவனிங்க.

ஆனா வேலை செய்றப்ப கதை திரும்பிடுச்சு. அக்கா நிஜமா தொறந்து வைக்கிறதையே சோதனையா வச்சேன், மாக் டெஸ்ட் சைட், மெயில், யூடியூப் கிளாஸ் ஒண்ணு, பெரிய பிடிஎஃப் ரெண்டு, நோட்ஸ் எடுக்க லிப்ரே ஆஃபீஸ். மின்ட் சும்மா நிக்கிறப்பவே எழுநூத்தி சொச்சம் எம்பி எடுக்கும், இது எல்லாம் தொறந்தா 3.4 ஜிபி வரைக்கும் போச்சு. 2 ஜிபி, பழைய டிஸ்க், அஞ்சாவது ஜன்னல் தொறந்தப்ப மவுஸ் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, டிஸ்க் லைட் அணையவே இல்ல, நான் எந்திரிச்சு போய் டீ போட்டு குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் அதே இடம். அதே டிஸ்க்ல 6 ஜிபி போட்டா ஒவ்வொண்ணும் முதல் தடவ தொறக்க இழுக்கும், தொறந்ததுக்கப்புறம் மாறி மாறி போனா வெண்ணெய் மாதிரி போகுது, ரேம் பத்தாம டிஸ்க்குல தூக்கி போடுற ஸ்வாப் பக்கமே போகல. எஸ்எஸ்டில 2 ஜிபி, வேலை நடக்கும், ஆனா ஒரு டேப்ல இருந்து இன்னொண்ணுக்கு போனா ஒரு விக்கல் விக்கி தான் போகும். எஸ்எஸ்டி, 6 ஜிபி ரெண்டும் சேர்ந்தப்ப பதிமூணு வயசு மெஷின்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

ஏன் அந்த உறைச்சல்னா, ரேம் பத்தாம போனா ஓஎஸ் கொஞ்சத்த தூக்கி டிஸ்க்குல போட்டுட்டு வேணும்ங்கிறப்ப திரும்ப எடுக்கும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்தவே 11 மில்லிசெகண்ட், தலை நகர்ந்து போற நேரத்தயும் சேத்தா ஒரு துண்டு எடுக்க சராசரியா ஒரு 15 மில்லிசெகண்ட் வச்சுக்கலாம். ரேம்ல இருந்து எடுக்க சுமார் 100 நானோசெகண்ட். ஒண்ணரை லட்சம் மடங்கு. ரேம்ல எடுக்குறத அடுப்பு மேடைல கை நீட்டி உப்பு டப்பாவ எடுக்குற ஒரு செகண்டுன்னு வச்சுக்கிட்டா, டிஸ்க்குல இருந்து எடுக்குறது அந்த உப்புக்காக கிளம்பி போய் ஒண்ணேமுக்கா நாள் கழிச்சு வீட்டுக்கு திரும்புறது. குழம்பு என்ன ஆகும்.

எஸ்எஸ்டி மாட்டும்போது என் பங்குக்கு நானும் ஒரு சொதப்பல் சொதப்பினேன். ஸ்டிக்க கழட்டி மாட்டி கழட்டி மாட்டி, நாலாவது தடவ பவர் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு, பீப் கூட இல்ல. ஒரு நிமிஷம் வயித்துல புளி கரைஞ்சுது, அடுத்தவங்க மெஷின். பேட்டரி, சார்ஜர் ரெண்டையும் எடுத்துட்டு பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கி புடிச்சு மிச்ச கரண்ட வடிச்சிட்டு, ஸ்டிக்க வெளிய எடுத்து, தங்க கலர் கால்கள வீட்டுல கிடந்த பென்சில் ரப்பரால லேசா தேச்சு, துகள ஊதி விட்டு, திரும்ப சொருகினேன். சாய்வா விட்டு முழுசா உள்ள தள்ளணும், தங்க கோடு கிட்டத்தட்ட மறையணும், அப்புறம் தான் கீழ அமுக்கணும், ரெண்டு பக்கமும் கம்பி டக்குனு புடிக்கும். நான் முழுசா தள்ளாமலே அமுக்கியிருந்திருக்கேன், கம்பி புடிச்சுக்குச்சு, ஒரு மில்லிமீட்டர் வெளிய. கடைல ஸ்லாட் போச்சுன்னு சொல்ற கேஸ்ல பாதி இதுவா தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் அன்னியில இருந்து.

தேதி ஒவ்வொரு தடவயும் பழைய வருஷத்துக்கு போயிட்டு இருந்துச்சு, உள்ள இருக்குற சின்ன காயின் பேட்டரி காலி, அதயும் மாத்தினேன். தேதி தப்பா இருந்தா பாதி சைட் பாதுகாப்பு இல்லன்னு சொல்லி தொறக்காது, அக்காவோட மாக் டெஸ்ட் சைட் தொறக்காததுல இதுக்கும் பங்கு இருந்திருக்கலாம். வைஃபைக்கு மட்டும் தனி டிரைவர் கேட்டுச்சு, போன்ல யூஎஸ்பி டெதரிங் போட்டு இறக்கினேன். தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு, அக்காவுக்கு பழக்கமான, ஆங்கில எழுத்துல ஒலிப்படி அடிச்சா தமிழ்ல வர்ற கீபோர்டு வச்சு குடுத்தேன், தமிழ்99-ங்கிற தமிழ் கீபோர்டு முறைய கத்துக்கோங்கன்னு சொன்னேன், சரின்னாங்க, கத்துக்க மாட்டாங்க.

ரேம், எஸ்எஸ்டி ரெண்டும் போட்டும் தீராதது ஒண்ணு இருக்கு, யூடியூப். அந்த காலத்து கிராஃபிக்ஸுக்கு எச்264 மாதிரி பழைய வகை வீடியோவ மட்டும் தான் தானா பிரிக்க தெரியும், இப்ப யூடியூப் அனுப்புறது பெரும்பாலும் விபி9, இல்லன்னா ஏவி1-ங்கிற புது வகை, அதெல்லாம் ப்ராசசர் தலைல விழும், ரெண்டு கோரும் நூறுல நிக்கும், ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். எச்264-அ மட்டும் கேட்டு வாங்குற ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு 720-ல வச்சு விட்டேன், கிளாஸ் பாக்க அது போதும். இதுக்கு எத்தன ஜிபி ரேம் போட்டாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல.

செலவு, ரேம் 1,200 ஏற்கனவே ஆனது, எஸ்எஸ்டி 1,650, காயின் பேட்டரி 60. அக்கா எனக்கு ஒரு டப்பா அதிரசம் குடுத்தாங்க. வீட்டுக்கு எடுத்துட்டு போனதும் முதல் வேலையா வால்பேப்பர் மாத்தியிருக்காங்க, பொண்ணு மொட்டை போட்ட ஃபோட்டோ, ஸ்க்ரீன்ல பாதிக்கு மேல மண்டை தான்.

அடுத்த வாரம் டவுனுக்கு போனப்ப அந்த கடைக்கு போனேன். சண்டைக்கு இல்ல, சும்மா சொல்லலாம்னு. "அண்ணே, அந்த லேப்டாப் ஸ்லாட் போகல, ஸ்டார்ட்டர் எடிஷன், அது 2 ஜிபிக்கு மேல எடுக்காது"ன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு, அப்புறம் எந்திரிச்சு உள்ள போயி, அதே மாடல் ரெண்டு லேப்டாப்ப தூசி தட்டி கொண்டு வந்து மேசைல வச்சாரு. ரெண்டு மேலயும் ஸ்லாட் கம்ப்ளைன்ட்னு மார்க்கர்ல எழுதி டேப் ஒட்டியிருக்கு. "அந்த பென் டிரைவ் வச்சிருக்கியா தம்பி?" வச்சிருந்தேன். முதல் மெஷின்ல போட்ட ரேம் முழுசா வந்துச்சு, அவரு வாய் விட்டு சிரிச்சுட்டாரு. ரெண்டாவதுல எத்தன தடவ கழட்டி, தேச்சு, முழுசா தள்ளி மாட்டியும் பயாஸ்லயே 2 ஜிபி தான். அதுல நிஜமாவே ஸ்லாட் போயிருந்துச்சு.